பெருமூச்சு விட்ட நாலு டன்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

எண்பது மீட்டர் உயரத்தில், காற்றாலையின் கழுத்தில் உட்கார்ந்து நட்டு முடுக்கும் உங்களுக்குத் தரைமட்டத்திலிருந்து உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும், உங்களைக் கட்டி வைத்திருக்கும் கயிறும் நலமாக இருக்க வேண்டும். 'மூவரும் நலம்' என்று எழுதியது கடிதத்தின் முறைக்காக. உண்மையில் அம்மா நலம், நான் சுமார், அப்பா தேவைக்கு மேல் பேசுவதில்லை. பெருமூச்சின் நிலைமைதான் மிக மோசம். வருகிற பத்தொன்பதாம் தேதி பழைய இரும்புக்காரர் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வருகிறார். எல்லாம் என்னால்தான், மாமா. இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது. பதில் எழுதினால் உறையின்மேல் என் பெயரை மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உயரத்தில் இருப்பவர்களுக்கு மறதி வருமா என்று தெரியாததால் பெருமூச்சைப் பற்றிக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். அது அப்பா பழையதாக வாங்கிய பள்ளி வேன். பதினோரு வருடமாக எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறது, இப்போது என்னோடு சேர்த்துப் பதினாலு பேர். காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பியதும் பின்னால் ஒரு கறுப்பு மூச்சை 'புஃப்' என்று விடும். ரொம்ப நாள் கஷ்டப்பட்டவர்கள் நாற்காலியில் உட்காரும்போது விடுவார்களே, அதே மாதிரி. அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். வண்டிக்கு அடியில் படுத்திருப்பீர்கள், காலுறை மட்டும் தெரியும், ஒரு காலுறையில் எப்போதும் ஓட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, பதினேழு, பத்தொன்பது. எண்களே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு முதல் வகுப்பில் அப்படியே ஒப்பித்தேன். 'உங்கள் மகளுக்கு எண் தெரிகிறது, ஆனால் பொறுமை இல்லை, தாவுகிறாள்' என்று டீச்சர் குறிப்பு எழுதி அனுப்பினார். அந்த ஸ்பானர் பெட்டி இன்னும் இருக்கிறது. பதினேழு மட்டும் நீங்கள் போன நாளிலிருந்து காணோம்.

அப்புறம் அந்த இன்ஜின் பெட்டி. அதை மறந்திருக்க மாட்டீர்கள். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், இன்ஜினை மூடி வைத்திருக்கும் தகரப் பெட்டி, அதற்கு அம்மா தைத்துப் போட்ட பச்சை உறை. ஒன்பது வருடமாக அதுதான் என் இடம். நம் ஊர்க் காலை எப்படியென்று உங்களுக்குத் தெரியும், பல் தேய்க்கும் தண்ணீரே பல்லைக் கடிக்கும். அந்தக் குளிரில் படியிறங்கி வந்து பெட்டிமேல் உட்கார்ந்தால், உட்கார்ந்த அந்த நொடியே சூடு பாவாடையைத் தாண்டி உள்ளே ஏறி, இரண்டாவது திருப்பத்துக்குள் காது வரைக்கும் வந்துவிடும். மழை நாளில் பதினாலு ஜோடிக் காலுறையும் அதன்மேல்தான் காயும், இறங்கும்போது யாருடையது யாருக்கென்று தெரியாமல் மாறிப் போகும். எங்கள் பள்ளி நூலகத்தில் மூன்று அலமாரிப் புத்தகங்களை நான் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் படித்தேன். எழுத்தெல்லாம் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்கும். இப்போது விடுமுறையில் அசையாத நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறேன், எழுத்துகள் தூங்குவதுபோல இருக்கின்றன.

இவ்வளவு நன்றியோடு இருக்கிற ஒருத்தி என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தேன். புதைபடிவ எரிபொருளை எரிப்பதால் புவி எப்படிச் சூடாகிறது என்று பாடத்தில் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் புத்தகத்திலிருந்து தொழிற்சாலைப் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். நான் மட்டும், உண்மையான ஆராய்ச்சி என்றால் உண்மையான அளவு வேண்டும் என்று, என் கைக்கு எட்டிய ஒரே புகைக்குழாயை அளந்தேன். அது எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. அப்பா வாரத்துக்கு நாற்பது லிட்டர் டீசல் போடுகிறார். வருடத்தில் நாற்பது வாரம் பள்ளி. ஆயிரத்து அறுநூறு லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு வருமாம், நான் கொஞ்சம் குறைத்து இரண்டு புள்ளி ஏழு என்றே வைத்துக்கொண்டேன். பெருக்கிப் பார்த்தால் நாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ! நாலு டன்னுக்கு மேல்! நம் வேனின் எடையே இரண்டு டன்தான் மாமா. அதாவது பெருமூச்சு ஒவ்வொரு வருடமும் தன்னைப்போல இரண்டு வேன்களை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பதினோரு வருடத்துக்கு இருபத்திரண்டு வேன். அதில் பாதியைக் கடலும் மரங்களும் வாங்கிக்கொண்டாலும், மீதி அங்கேயேதான் நிற்கும், நம் பேரன் பேத்திகள் காலம் தாண்டியும் நிற்கும். இந்த விடை வந்த அன்று நான் பெட்டிமேல் உட்காரவில்லை, பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அப்பா கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, கோபமா?" என்றார். "இல்லப்பா, காத்து வாங்க" என்றேன். எந்தக் காற்றை வாங்குகிறேன் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வரவில்லை.

இதில் நான் செய்த பெரிய தப்பு என்னவென்றால், ஆராய்ச்சி எதைப் பற்றி என்று அப்பாவிடம் முழுசாகச் சொல்லாததுதான். "நம்ம வேனைப் பத்திப்பா" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் சொல்ல அவர் விடவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாளே பதினாலு பிள்ளைகளிடமும், அவர்களைப் பெற்றவர்களிடமும், பள்ளி வாட்ச்மேனிடமும், "நம்ம வண்டியைப் பத்தி என் பொண்ணு ஆராய்ச்சி பண்றா. பெரிய எடத்துலேர்ந்து ஜட்ஜ் எல்லாம் வர்றாங்களாம்" என்று சொல்லிவிட்டார். கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியைக் கழுவினார். டயருக்குக் கறுப்புப் பூசினார். சைலன்சரைக்கூட உள்ளே துணி விட்டுத் துடைத்தார் மாமா, சைலன்சரை! அம்மா மாடியிலிருந்து, "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்ளோ துடைச்சுக்கல" என்றார். கண்காட்சி அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வேனைக் கொண்டுவந்து அரங்கத்தின் வாசலுக்கு நேராக நிறுத்திவிட்டு, கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பவர்போல நின்றார். மேடையில் என் பின்னால் ஒரு பெரிய அட்டை. அதில் சிவப்பு மையில் நானே ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது: 'இது வேன் அல்ல, நகரும் புகைபோக்கி.'

அட்டையைத் திருப்பி மாட்டலாமா என்று பார்த்தேன். பசை போட்டு ஒட்டியிருந்தேன். ஆகவே கட்டுரையை அப்படியே படித்தேன். டீசல் என்பது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் மண்ணுக்கடியில் புதைந்து ஆனது, அவை அந்தக் காலத்து வெயிலைச் சேர்த்து வைத்திருந்தன, நாம் அந்தப் பழைய வெயிலைத் தோண்டி எடுத்து ஒரு நூற்றாண்டில் செலவழிக்கிறோம் என்று படித்தேன். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனுக்குள் சூடு எப்படி மாட்டிக்கொள்கிறதோ, ஏறக்குறைய அப்படி இந்த வாயு பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வை மாதிரிப் பிடித்து வைக்கிறது, ஆதலால் இதைப் பசுமை இல்ல வாயு என்கிறார்கள் என்று படித்தேன். நாலு டன்னைப் படித்தேன். ஏழாம் பக்கத்தில், 'தினமும் காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் இன்ஜின் காரணமின்றி ஓடுகிறது. இதனால் மட்டும் ஆண்டுக்கு நூற்றெண்பது கிலோ' என்று இருந்ததையும் படித்தேன். இந்த இருபது நிமிடத்தைப் பற்றி அப்பாவிடம் முன்பே கேட்டிருக்கிறேன். "பழைய வண்டிம்மா, எழுந்திருக்க நேரமாகும்" என்பார். புத்தகத்தில் பார்த்தால் அவ்வளவு நேரம் தேவையில்லை என்று இருந்தது. அதனால்தான் 'காரணமின்றி' என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். மற்ற இடங்களிலெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அந்த இடத்தில் மட்டும் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். டயர்க் கறுப்பு ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

படித்து முடித்தேன். முதலில் கை தட்டியது அப்பாதான், மாமா. அவர் தட்டிய பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள். நடுவராக வந்தவர் வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், "அருமை. அது எந்த வேன்?" என்று கேட்டார். நான் அட்டையைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன். வாசலில் அப்பா, வருகைப் பதிவில் பேர் கூப்பிட்ட மாதிரி கையைத் தூக்கி, "என் வண்டிதாங்க" என்றார். "ஸ்டார்ட் பண்ண முடியுமா?" என்றார் நடுவர். யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாதே அப்பாவுக்கு! நடுவர் பின்னால் போய்க் குனிந்து பார்க்கவும் அப்பா சாவியைத் திருப்பவும் சரியாக இருந்தது. பெருமூச்சு தன் வாழ்நாளிலேயே பெரிய மூச்சை அன்றைக்குத்தான் விட்டது. நடுவர் நிமிர்ந்தபோது அவருக்கு மீசை முளைத்திருந்தது. எங்கள் அறிவியல் டீச்சர் ஓடிவந்து, "சார், அது கரித்துகள் சார்! கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது சார்!" என்று கத்தினார். நடுவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தெரியாததே இப்படின்னா தெரியறதைப் பத்திக் கவலையில்லைம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை, டீச்சருக்கும் புரியவில்லை. முதல் பரிசு எனக்குத்தான்.

பரிசு ஒரு உலக உருண்டை. வீட்டுக்கு வரும்போது அப்பா அதைக் கீழே வைக்க விடவில்லை, இருக்கிறதிலேயே மரியாதையான இடம் என்று இன்ஜின் பெட்டிமேல் வைத்து, கயிறு போட்டுக் கட்டினார். பெட்டியின் சூட்டில் பசை இளகி, வீடு வந்து சேர்ந்தபோது தென்துருவம் முழுசாக உரிந்து பிரேக் பெடலுக்குக் கீழே கிடந்தது. அப்பா அதைக் குனிந்து எடுத்து, ஊதி, என் கையில் கொடுத்தார். அம்மா காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். வகுப்புத் தோழிகள் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் பள்ளியில் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார்கள். 'நம் மாணவி ஒருவரின் ஆய்வின் அடிப்படையில், அடுத்த பருவம் முதல் பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்கள் பள்ளி வாயிலுக்குள் அனுமதிக்கப்பட மாட்டா. பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பவும்.' எங்கள் பள்ளிக்கு வருகிற பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வாகனம் எத்தனை? ஒன்று. அந்தத் தாளை அந்த வாகனத்திலேயே உட்கார்ந்து, அதன் டிரைவரிடம் கையெழுத்து வாங்குவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று எனக்குச் சொன்னவர் அப்பா. இரண்டு தடவை படித்தார். போட்டார். தேதியும் போட்டார்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஒரு வாரம் கழித்து வாயைத் திறந்தார். "ஏம்மா, ஒரு லிட்டர் டீசல் எடை என்ன?"

"எண்ணூத்தம்பது கிராம் இருக்கும்ப்பா."

"முக்கால் கிலோ சொச்சம். அது எப்படி எரிஞ்சதும் ரெண்டே முக்கால் கிலோ ஆகும்? நான் போடறது ஒண்ணு, வெளிய வர்றது மூணா?"

"டீசல்ல இருக்கற கார்பனோட காத்துல இருக்கற ஆக்சிஜன் சேர்ந்துக்குதுப்பா. அந்த எடையும் சேர்ந்துதான் அவ்ளோ."

அப்பா விடவில்லை. "அப்ப மீதி எடை காத்தோடதுதானே? அதை ஏன் என் தலையில கட்டுற?"

அம்மா கரண்டியோடு நடுவில் வந்தார். "யாரோடதா இருந்தா என்ன? பதினொரு வருஷமா மாடியில துணி காயப்போடறவளைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். இதுக்கு ஒரு ஆராய்ச்சி, ஒரு அட்டை!"

"சரி, போர்வை மாதிரின்னு சொன்னியே," என்றார் அப்பா. "குளிர் போனதும் எடுத்து மடிச்சு வெச்சுட்டாப் போச்சு."

"மடிக்க முடியாதுப்பா. போர்த்தினது போர்த்தினதுதான். மேல மேல போர்த்தாம இருக்கலாம், அவ்ளோதான்."

"ஆமா, இப்பல்லாம் முன்ன மாதிரி குளிரும் இல்லை" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். அது உண்மை. நான் முதல் வகுப்பில் இருந்தபோது பிப்ரவரி முடியும்வரை போட்ட கம்பளிச் சட்டையை இப்போது ஜனவரியிலேயே கழற்றிவிடுகிறேன். ஒரு வேனால் அப்படி ஆகாது என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எத்தனை கோடி வேன், கார், கப்பல், அனல்மின் நிலையம்! இருந்தாலும் மாமா, அந்த இன்ஜின் என் காலை மட்டும் சூடாக்கிவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அப்பா கை கழுவ எழுந்தவர், கதவுகிட்ட நின்று, "எல்லாம் சரி. அந்தப் பதினாலு பேரும் இனிமே எதுல வருவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். கடைசியில் இறங்குகிற குட்டிப் பெண்ணுக்கு வாந்தி வரும், அவளை ஜன்னலோரம் வைக்க வேண்டும் என்று புது ஆளுக்குத் தெரியுமா என்ற கவலை.

எனக்கு அந்தக் கேள்வி பரீட்சைத் தாளில் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டு வந்தது போல இருந்தது. நான் வேனை அளந்தேனே தவிர, பதினாலால் வகுக்கவே இல்லை! மறுநாளிலிருந்து ஒரு வாரம் பள்ளி வாயிலில் நோட்டோடு நின்றேன். கார்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு பிள்ளை இறங்கும், பின்னால் ஒரு பை இறங்கும். வாட்ச்மேன், "என்ன, அடுத்த ஆராய்ச்சியா? என் விசிலை விட்டுடு தாயே" என்றார். அப்பாவின் வேனில் வருகிற ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு முந்நூற்று ஒன்பது கிலோ. வாரம் எட்டு லிட்டர் பெட்ரோல் எரிக்கிற காரில் தனியாக வருகிற ஒரு பிள்ளைக்கு எழுநூற்று முப்பத்தாறு கிலோ. பள்ளிக்குப் புதிதாக ஒரு கம்பெனி விடுகிற மின்சார வேனில் ஐந்து இடம்தான் காலியாம். மீதி ஒன்பது பேர் வீட்டிலும் "நாங்களே கார்ல விட்டுடறோம்" என்கிறார்கள். அப்படியானால் பெருமூச்சை நிறுத்துவதால் வானத்துக்குப் போவது நாலு டன்னிலிருந்து ஆறரை டன்னாக உயருகிறது. நான் முதல் பரிசு வாங்கிக்கொண்டு பூமிக்கு இரண்டு டன்னுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

இதைத் தலைமையாசிரியை அம்மாவிடம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிப் படித்தார். "போன மாசம் நீதானே நிறுத்தணும்னு சொன்னே?" என்றார். "டீசலைத்தான் மேடம் நிறுத்தணும், வேனை இல்லை" என்றேன். எனக்கே அப்போதுதான் அது தெரிந்தது. "அப்ப உங்கப்பா வண்டி டீசல் இல்லாம ஓடட்டும், பருவம் தொடங்கற அன்னைக்கு நானே வாயிலைத் திறந்து விடறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று சந்தேகம் வந்ததால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காற்றாலை வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் எங்கள் வாசலில் நின்று, "ஒரு மோட்டாரும் நாலு பேட்டரியும் குடுங்க, உங்க வீட்டு அலமாரியையே ஓட்டிக் காட்டறேன்" என்று சொன்னீர்கள். அப்போது எனக்குப் பத்து வயது, ஆனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அம்மாகூட "முதல்ல அலமாரிக் கதவைச் சரி பண்ணு" என்றார். போன தடவை போனில் பேசும்போது, உங்கள் பட்டறை மூலையில் பழைய மின்சார பஸ்ஸிலிருந்து கழற்றிய மோட்டார் சும்மா கிடக்கிறது என்றும் சொன்னீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதிக்குள் லீவு போட்டு வந்தீர்களானால் பெருமூச்சு பிழைக்கும். வராவிட்டால் அப்பா அந்த மின்சார வேன் கம்பெனியில் வண்டி ஓட்டப் போவதாக இருக்கிறார். அங்கே தொப்பி உண்டாம், ஒவ்வொரு திருப்பத்திலும் மிஷின் பெண்குரலில் வழி சொல்லுமாம். பதினோரு வருடம் தானே வழி தெரிந்து போனவர், மாமா. என் கட்டுரையும் நான் வரைந்த படமும் இதனுடன் இருக்கின்றன. படத்தில் சிவப்புக்கோடு மின்கம்பி, நீலம் பிரேக், பழுப்பு என்பது காபி கொட்டியது. "கரண்டு மட்டும் எங்கேர்ந்து வருது, அதுவும் கரியை எரிச்சுத்தானே" என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன்: பாதி அப்படித்தான், மீதிப் பாதியை மாமா மேலே உட்கார்ந்து முடுக்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்ஜினைக் கழற்றினாலும் அந்தப் பெட்டியைக் கழற்றாதீர்கள். உள்ளே பேட்டரியை வைத்துக்கொள்ளலாம். மின்சார மோட்டார் அவ்வளவாகச் சூடாகாது என்றும், டீசலின் சக்தியில் பாதிக்கு மேல் வெறும் சூடாகவே வீணாகிறது என்றும் படித்தேன். அந்த வீணின்மேல்தான் நான் ஒன்பது வருடம் உட்கார்ந்து வளர்ந்திருக்கிறேன். ஆகவே பெட்டி கொஞ்சமாவது சூடாக இருக்க ஏதாவது வழி செய்யுங்கள். அந்தச் சூடு அந்த வண்டியின் குணம். குணம் போய்விட்டால் அது வேறு வண்டி.

உங்களைவிடச் சிறியவள் என்பதால் ஆசீர்வாதம் நான் அனுப்ப முடியாது, அம்மாவுடையதை அனுப்புகிறேன். "மேலே ஏறும்போது சாப்பிட்டுவிட்டு ஏறு, இறங்கும்போது கீழே பார்த்து இறங்கு" என்று சொல்லச் சொன்னார். உங்கள் காற்றாலைக்கு எப்போதும் நல்ல காற்றும், உங்கள் காலுறைக்குத் தையலும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அக்கா மகள்,
ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு, ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கையெழுத்து சரியில்லாததற்கு மன்னிக்கவும்.

விடுமுறை என்பதால் இரண்டு வாரமாக வண்டி எடுக்கவில்லை. இன்று காலை டயருக்குக் காற்றுப் பிடிக்க அப்பா கிளம்பினார். 'எழுந்திருக்க இருபது நிமிடம் ஆகுமே, அதற்குள் உறை ஒட்டிவிடலாம்' என்று நினைத்து மெதுவாகப் பசை தடவிக்கொண்டிருந்தேன். சாவி திரும்புகிற சத்தம், 'புஃப்', உடனே கியர் போடுகிற சத்தம். ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, இருபது நிமிஷம் ஆகலையே!"

"எதுக்கு இருபது நிமிஷம்?"

"வண்டி எழுந்திருக்க."

"அது சாவி போட்டதும் எழுந்துடும்" என்றார் அப்பா, மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல. "நீ ஒண்ணாம் கிளாஸ்ல ஒருநாள் சில்லுன்னு இருக்குன்னு உக்கார மாட்டேன்னு அழுதே. அதுலேர்ந்து பழக்கமாயிடுச்சு. இன்னைக்கு நீ வரலைன்னு நெனச்சேன்."

ஏறி உட்கார்ந்தேன். பெட்டி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலச் சில்லென்று இருந்தது. தபால் நிலையம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அப்பா என் கையிலிருந்த உறையைப் பார்த்து, "மாமாவுக்கா?" என்றார். தலையாட்டினேன். "வரச் சொல்லியிருக்கியா?" அதற்கும் தலையாட்டினேன். கியரை மாற்றிவிட்டு, "வரும்போது அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்துட்டு வரச் சொல்லு. அது இல்லாம இன்ஜினைக் கழட்ட முடியாது" என்றார்.

ஆகவே இது இனி ரகசியக் கடிதம் இல்லை. பெட்டி சூடாக இருக்க வழி செய்யச் சொல்லி மேலே கேட்டிருக்கிறேன், அது வேண்டாம், நான் இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறேன். அந்தச் சூடு வண்டியின் குணம் என்று எழுதியதும் தவறு. உறைக்குள் இருக்கும் கட்டுரையின் ஏழாம் பக்கத்தில் 'காரணமின்றி' என்ற சொல்லை இப்போதுதான் அடித்தேன். நூற்றெண்பது கிலோவை அடிக்க முடியவில்லை.